'விண்டேஜ்' என்றால் காற்றா, இடைவெளியா?

கீழக்கரையில் முதுகலை வரலாறு படிக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. 18ஆம் நூற்றாண்டின் கோட்டை முற்றுகைகளைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை அவர் தமிழாக்கிக்கொண்டிருக்கிறார். குண்டுகள் ஒழுங்காக வார்க்கப்படாததால் பீரங்கிகளில் 'விண்டேஜ்' (windage) மிகுந்திருந்தது, ஆகவே மதிலில் விழுந்த அடிகளில் வலு இல்லை என்னும் கருத்துடைய வாக்கியம் அதில் வருகிறது. அகராதியைப் புரட்டியபோது 'காற்றினால் ஏற்படும் விலகல்' என்ற பொருள் முதலில் கண்ணில் பட்டதால், "கடற்காற்று பலமாக வீசியமையால் குண்டுகள் உரிய வலுவோடு மதிலில் படவில்லை" என்று எழுதிவிட்டார். எழுதிய பிறகு, குண்டு வார்ப்புக்கும் கடற்காற்றுக்கும் என்ன தொடர்பு என்ற ஐயம் அவருக்கு எழுந்திருக்கிறது. என்.சி.சி.யில் இருக்கும் தம்பியைக் கேட்டால், அது துப்பாக்கியின் சைட்டை, அதாவது குறிபார்க்கும் உறுப்பை, பக்கவாட்டில் நகர்த்தும் திருகு என்கிறாராம். இவற்றுள் எது சரி என்பது கேள்வி.

உங்கள் வாக்கியத்தைப் பொறுத்தவரை இரண்டுமே சரியல்ல. தம்பி சொன்னது அந்தச் சொல்லுக்கு உண்மையாகவே உள்ள பொருள்தான். ஆனால் அது வேறு காலத்துப் பொருள், துப்பாக்கியின் வேறு பகுதிக்கு உரியது. உங்கள் கட்டுரையில் வரும் 'விண்டேஜ்' என்பது பீரங்கிக் குழலின் உள்விட்டத்துக்கும் குண்டின் விட்டத்துக்கும் உள்ள வேறுபாடு, அதாவது குண்டைச் சுற்றி எஞ்சி நிற்கும் இடைவெளி. வெளியே வாடைக் காற்று வீசினாலும் கச்சான் காற்று வீசினாலும் ஒன்றுமே வீசாவிட்டாலும் அந்த இடைவெளி இருந்தபடியேதான் இருக்கும்.

நீங்கள் தவறியதில் வியப்பில்லை. ஆண்டில் பாதி நாள் காற்றைப் பார்த்தே பிழைப்பை முடிவு செய்யும் கரை நம்முடையது. கச்சான் அடித்தால் தென்கடல் கொந்தளிக்கும், வாடை அடித்தால் வடகடல் கொந்தளிக்கும் என்று சிறு பிள்ளையும் சொல்லும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில், குண்டின் வலு குறைந்ததற்குக் காற்று காரணம் என்று எழுதினால் தேர்வாளரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். பொருந்துவதுபோல் தோன்றும் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால்தான் இதைச் சற்று விரித்து எழுதுகிறேன். நான் இராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரர் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். இப்போது மண்டபம் என்ற ஊரில் இருக்கிறேன்.

தொடங்குமுன் எழுத்துக்கூட்டலைப் பற்றி ஒரு சொல். பழைய மோட்டார் கார்களையும் பழந்திரைப்படங்களையும் 'விண்டேஜ்' என்கிறோமே, அது முற்றிலும் வேறு சொல். திராட்சை அறுவடையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகள் மாறும், ஒலிப்பும் மாறும். தமிழில் அந்த ஒலிகளுக்கு வகரமும் டகரமும் மட்டுமே உண்டு என்பதால் இரண்டும் ஒரே முகத்தோடு வந்து நிற்கின்றன. ஆகவே பழந்துப்பாக்கிகளைப் பற்றிய கட்டுரையில் 'விண்டேஜ்' என்று அப்படியே எழுதிவிட்டு நகர்ந்தால், வாசகர் 'பழமையான' என்று புரிந்துகொள்வார். இந்தச் சொல்லை ஒலிபெயர்த்து விட்டுவிட முடியாது, மொழிபெயர்த்தே ஆகவேண்டும்.

இனி அந்த இடைவெளிக்கு வருவோம். அக்காலத்துப் பீரங்கிகளின் குழல் உட்புறம் வழவழப்பானது, குண்டு வார்ப்பிரும்பு உருண்டை. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைத் திணித்து, அதன்மேல் குண்டை உருட்டிவிட்டு, இடிகோலால் தள்ளி உள்ளே செலுத்தவேண்டும். குண்டும் குழலும் ஒரே அளவாக இருந்தால் குண்டு உள்ளே போகாது; போனாலும் நடுவழியில் சிக்கும். பிரிட்டிஷ் பீரங்கிகளில் 18ஆம் நூற்றாண்டில் பின்பற்றப்பட்ட கணக்கு, குண்டு 20 பங்கு என்றால் குழல் 21 பங்கு என்பது. கோட்டை மதில்களை உடைக்கப் பயன்பட்ட, 24 பவுண்டு எடைக் குண்டைச் சுடும் பீரங்கியை எடுத்துக்கொண்டால், குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 5.82 அங்குலம், குண்டின் விட்டம் 5.54 அங்குலம். வேறுபாடு 7 மில்லிமீட்டர். நாம் எழுதும் பென்சிலின் தடிமன். குண்டு தன் எடையால் குழலின் அடியில் படுத்துக் கிடப்பதால் இந்த 7 மில்லிமீட்டரும் அதன் தலைக்கு மேலே பிறை வடிவத்தில் திறந்து கிடக்கும்.

இவ்வளவு தாராளம் ஏன் என்று கேட்கலாம். வார்ப்பில் எந்தக் குண்டும் முழு உருண்டையாக வருவதில்லை. வந்தாலும் இரும்பு துருப்பிடித்துப் பொருக்குத் தட்டும். உப்புக் காற்று அடிக்கும் கரையோரக் கிடங்குகளில் அது எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதை, வீட்டுச் சன்னல் கம்பியை ஆண்டுதோறும் சுரண்டி வண்ணம் பூசுகிற நமக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. கருமருந்து எரிந்தால் குழலின் சுவரில் பிசின் போன்ற கரி படியும். நான்கைந்து முறை சுட்டபின் குழலே சற்றுக் குறுகிவிடும். எதிரியின் கட்டடங்களுக்குத் தீவைக்கக் குண்டைப் பழுக்கக் காய்ச்சிப் போடுவதும் உண்டு. காய்ந்த இரும்பு விரியும். இத்தனைக்கும் இடம் விட்டுத்தான் குண்டின் அளவை வைத்தார்கள்.

இந்த இடைவெளி இரண்டு வகையில் கெடுதல் செய்தது. மருந்து வெடித்தவுடன் எழும் வாயு, குண்டை முழுவதுமாகத் தள்ளாமல் அதன் தலைக்கு மேலுள்ள பிறை வழியாக முந்திக்கொண்டு ஓடிவிடும். எரித்த மருந்தில் கணிசமான பகுதி வீணாகும். உங்கள் கட்டுரை 'வலு இல்லை' என்று சொல்வது இதைத்தான். மற்றொன்று, மேலே ஓடும் வாயு குண்டைக் கீழே அழுத்த, அது தரையில் பட்ட பந்துபோல் எழும்பிக் குழலின் மேற்சுவரில் முட்டி, மறுபடி கீழ்ச்சுவரில் முட்டி, இப்படித் துள்ளித் துள்ளி வெளியே வரும். கடைசியாக எந்தச் சுவரில் முட்டியதோ அதற்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தே கிளம்பும். பீரங்கியை எவ்வளவு நேராக நிறுத்தினாலும் ஒவ்வொரு குண்டும் ஓரோர் இடத்தில் விழுந்ததற்கு இது முக்கியமான காரணம்.

இதைக் கணக்கிட்டு ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். குண்டின் வேகத்தை அளக்கத் தொங்கும் பலகையை வைத்து ஊசல் கருவி ஒன்றை அமைத்தவர். பீரங்கிக்கலை பற்றிய அவருடைய நூல் 1742இல் வெளிவந்தது. குழலின் ஒரு சுவரில் உரசிக்கொண்டு வரும் குண்டு சுழலத் தொடங்குகிறது, அந்தச் சுழற்சியே வெளியில் அதை வளைத்து இழுத்துச் செல்கிறது என்று அவர் கூறினார். கூறியதோடு நில்லாமல், துப்பாக்கிக் குழல் ஒன்றின் நுனியைச் சற்றே இடப்பக்கம் வளைத்துச் சுட்டுக் காட்டினார். குண்டு இடப்பக்கமாகக் கிளம்பி, பிறகு வலப்பக்கம் திரும்பிப் போயிற்று. இவரை நான் இங்கே இழுத்துவருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்ய அமர்த்தப்பட்டு 1750இல் நம் சோழமண்டலக் கரைக்கு வந்தவர், மறு ஆண்டே கடலூருக்கு அருகிலுள்ள செயிண்ட் டேவிட் கோட்டையில் இறந்துபோனார். உங்கள் ஆய்வேட்டில் இந்தச் சொல்லுக்கு அடிக்குறிப்பு எழுதுவதாக இருந்தால், அவர் பெயரைச் சேர்க்கலாம். தமிழ்நாட்டு மண்ணோடு தொடர்புடைய பெயர்.

இடைவெளியால் நன்மையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மார்ட்டர் என்ற குட்டைப் பீரங்கியில் போடும் வெடிகுண்டுக்கு மரத்தாலான திரிக்குழாய் இருக்கும். குழலுக்குள் மருந்து வெடிக்கும்போது எழும் தீ, குண்டைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக முன்னே பாய்ந்து திரியைப் பற்றவைக்கும். இடைவெளி இல்லையென்றால் திரி பற்றாது, குண்டு வெறும் இரும்பாகப் போய் விழும்.

சரி, காற்றுக்குத் தொடர்பில்லாத இடைவெளிக்கு எதற்குக் காற்றின் பெயர்? பிரெஞ்சுக்காரர்களும் இதைக் 'குண்டின் காற்று' என்ற பொருள்பட அழைத்தார்கள். குண்டைச் சுற்றிக் காற்று புகும் இடம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஜெர்மானியர்களின் சொல் இன்னும் நமக்கு நெருக்கமானது. அவர்கள் 'ஆடுவதற்கான இடம்' என்றார்கள். இதே சொல்லை நம் மெக்கானிக்குகள் நாள்தோறும் சொல்கிறார்கள். மண்டபத்தில் விசைப்படகு எஞ்சின் பார்க்கும் பட்டறை ஒன்றில் அண்மையில் உட்கார்ந்திருந்தேன். கழற்றிய பிஸ்டனைச் சிலிண்டருக்குள் விட்டு, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் தகடுகளில் ஒன்றை ஓரத்தில் செருகினார் மெக்கானிக். தகடு தடையின்றிச் சறுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. அடுத்து இன்னும் தடித்த தகடு, அதுவும் போயிற்று. "லைனர் தேஞ்சுபோச்சு அண்ணே, ஆட்டம் அதிகம். இழுவை எப்படி இருக்கும்?" என்றார். வாயு ஓரமாக ஒழுகுவதால் எஞ்சினுக்கு இழுவை இல்லை என்கிறார் அவர்; வாயு ஓரமாக ஒழுகுவதால் குண்டுக்கு வலுவில்லை என்கிறது உங்கள் கட்டுரை. 'ஆட்டம்' என்பதையே மொழிபெயர்ப்பாக வைக்க எனக்கு ஆசைதான். ஆய்வேட்டின் நடைக்குச் சற்றுப் பேச்சுவாடையாகத் தோன்றும் என்பதால் 'குழல் இடைவெளி' என்று எழுதச் சொல்வேன்.

கைத்துப்பாக்கிகளிலும் இதே கதைதான். கம்பெனிச் சிப்பாய்களின் தோளிலிருந்த 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியின் குழல் 0.75 அங்குலம், ஈயக்குண்டு ஏறக்குறைய 0.69 அங்குலம், ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. விரைவாகத் திணிக்க வசதி, ஆனால் நூறு கெஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிவைப்பது அரிது. 1853ஆம் ஆண்டின் என்ஃபீல்டு துப்பாக்கியில் குழல் 0.577 அங்குலமாகவும், தொடக்கத்தில் வந்த குண்டு 0.568 அங்குலமாகவும் இருந்தன. இடைவெளி கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. உட்புறம் சுருள்வரி வெட்டிய இவ்வளவு இறுக்கமான குழலுக்குள் குண்டை இறக்க வழவழப்பு வேண்டும். அதற்காகக் காகிதத் தோட்டாவுக்குக் கொழுப்பு பூசினார்கள். அந்தக் கொழுப்பு எந்த விலங்கினுடையது என்ற ஐயத்திலிருந்து 1857இல் என்ன கிளம்பியது என்பதை வரலாற்று மாணவிக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பின்புறமாகத் தோட்டா போடும் துப்பாக்கிகள் வந்தபின், குண்டே குழலைவிட இம்மியளவு பெரிதாக இருந்து, சுருள்வரிகளில் அழுந்திக்கொண்டு வெளியேறத் தொடங்கியது. இடைவெளி ஒழிந்தது. சொல் மட்டும் வேலையில்லாமல் நின்றது.

நின்ற சொல்லுக்கு வேறு வேலை கிடைத்தது. துப்பாக்கி வெகுதூரம் துல்லியமாகச் சுடத் தொடங்கியவுடன், குறுக்கே வீசும் காற்று குண்டை எவ்வளவு ஒதுக்குகிறது என்பது பொருட்படுத்தவேண்டிய கணக்காயிற்று. அந்த ஒதுக்கத்துக்கும், அதை ஈடுகட்டச் சைட்டைப் பக்கவாட்டில் நகர்த்துவதற்கும் 'விண்டேஜ்' என்ற பெயர் நிலைத்தது. தம்பி சொன்னது இந்தப் பொருள். .22 துப்பாக்கியில் 50 மீட்டருக்குச் சுடும்போது, மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே காற்று அடித்தால் குண்டு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் ஒதுங்கும். போட்டி இலக்கின் நடுவட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். நம் கரையில் அந்தக் காற்றை யாரும் காற்று என்றே மதிக்கமாட்டார்கள்.

ஆனால் இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. சைட்டின் விண்டேஜைத் திருத்துவது என்றால் காற்றுக்காகத் திருத்துவது என்று பொருளாகாது. பயிற்சிக் காலத்தில் ஒருநாள் விடியற்காலை; ஓர் இலைகூட அசையவில்லை. என் குண்டுகள் ஐந்தும் இலக்குக்கு ஒரு சாண் இடப்புறமாகக் கூட்டமாக விழுந்திருந்தன. சைட்டின் விண்டேஜைச் சரிசெய்யும்படி கட்டளை. குண்டு வலப்பக்கம் போகவேண்டும் என்ற நினைப்பில் குழலின் நுனியில் உள்ள முன்குறியை வலப்பக்கம் தட்டி நகர்த்தினேன். அடுத்த ஐந்தும் இன்னும் இடப்புறம் தள்ளிப்போய் விழுந்தன. கண்ணுக்கு அருகே உள்ள பின்குறியை நகர்த்தினால் குண்டு எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்தவேண்டும். முன்குறியானால் குண்டு எந்தப் பக்கம் தவறிப்போகிறதோ அந்தப் பக்கமே நகர்த்தவேண்டும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே அரை மீட்டர் உள்ள துப்பாக்கியில், முன்குறி 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் 100 மீட்டரில் 20 சென்டிமீட்டர் மாறும். அந்த முழுக் காலைப்பொழுதிலும் 'விண்டேஜ்' என்ற சொல் நூறுமுறை காதில் விழுந்தது. காற்று ஒருமுறையும் வீசவில்லை. ஆகவே துப்பாக்கிக் கையேடுகளை மொழிபெயர்ப்பவர்கள் 'காற்றுத் திருத்தம்' என்று எழுதும்போது எனக்கு உறுத்தும். உயரத்தைத் திருத்தும் 'எலிவேஷ'னுக்கு இணையாக வரும் இடத்தில் 'பக்கவாட்டுத் திருத்தம்' என்பதே பொருந்தும். காற்றினால் குண்டு உண்மையாகவே ஒதுங்குவதைப் பேசும்போது 'காற்று விலகல்' என்று தனியாக எழுதிக்கொள்ளலாம்.

இதிலிருந்து பிறந்த ஒரு வழக்கு அமெரிக்கக் கதைகளில் அடிக்கடி தென்படும்: 'கெண்டக்கி விண்டேஜ்'. கெண்டக்கி அங்குள்ள ஒரு மாநிலம். சைட்டைத் தொடாமல், காற்றைக் கண்ணால் மதிப்பிட்டு, இலக்கிலிருந்து வேண்டிய அளவு தள்ளிக் குறிவைப்பதற்கு அந்தப் பெயர். துப்பாக்கியை விட்டு விலகி, மனக்கணக்கில் ஒப்பேற்றும் எதற்கும் இப்போது அதைச் சொல்கிறார்கள். நம் ஊரில் இதற்குப் பெயரில்லை, செயல் உண்டு. கச்சான் அடிக்கும்போது ஒரு படகிலிருந்து அடுத்த படகுக்குக் கயிறு எறிபவரைக் கவனியுங்கள். அவர் எதிர்ப்படகில் நிற்பவரைப் பார்த்து எறிவதில்லை. காற்று வரும் பக்கமாக ஓர் ஆள் தள்ளி, வெறும் கடலை நோக்கி எறிகிறார். கயிறு வளைந்துபோய் உரிய கையில் விழுகிறது. புனைகதை எதையாவது மொழிபெயர்க்கும்போது இந்த வழக்கு வந்தால், மாநிலத்தின் பெயரை விட்டுவிட்டு, 'காற்றை அனுமானித்துத் தள்ளிக் குறிவைத்தான்' என்றே எழுதலாம்.

மற்றப் பொருள்களை விரைவாகக் கடந்துவிடலாம். பறந்து செல்லும் குண்டு தன் பக்கத்தில் கிளப்பும் காற்று வீச்சுக்கும் அந்தப் பெயர் உண்டு; பழைய போர்க் குறிப்புகளில் வரும். கடலோடிகளின் ஆங்கிலத்தில், நீருக்கு மேலே உள்ள கப்பலின் உடலும் பாய்மரமும் கயிறுகளும் காற்றுக்குக் கொடுக்கும் பரப்பு 'விண்டேஜ்' எனப்படும். மேலே கூரையும் வலைக்குவியலும் ஏறிய படகு நங்கூரத்தில் நில்லாமல் இழுபடும்போது நம்மவர்கள் 'காத்து பிடிக்குது' என்கிறார்களே, அதுதான். 'காற்றுப் பிடிப்பு' என்று எழுதினால் போதும். எஞ்சினுக்குள் சுழலும் தண்டு, அங்குள்ள காற்றையும் எண்ணெயையும் கலக்குவதால் வீணாகும் விசைக்கும் இதே பெயர். அது உங்கள் பக்கம் வர வாய்ப்பில்லை.

வாக்கியத்தில் எந்தப் பொருள் என்று பிரித்தறியச் சுற்றியுள்ள சொற்களைப் பார்த்தால் போதும். வார்ப்பு, துரு, குழல் தேய்வு, மருந்தின் அளவு, அங்குலக் கணக்கு ஆகியவை பக்கத்தில் இருந்தால் குழல் இடைவெளி. சைட், திருகு, தூரம், எலிவேஷன் ஆகியவை இருந்தால் பக்கவாட்டுத் திருத்தம். ஆங்கிலத்தில் 'விண்டேஜ் மிகுதி' 'விண்டேஜ் குறைவு' என்று துப்பாக்கியின் குணமாகச் சொல்லப்பட்டால் பெரும்பாலும் முதலாவது. சுடுபவர் 'விண்டேஜ் கொடுத்தார்' 'எடுத்தார்' என்று செயலாகச் சொல்லப்பட்டால் இரண்டாவது. காலமும் உதவும். 1772இல் இராமநாதபுரம் கோட்டையை நவாபின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து தாக்கியபோது இருந்த பீரங்கிகளைப் பற்றிய எழுத்தில் இரண்டாவது பொருளுக்கு வேலையே இல்லை. அந்தக் காலத்து வளரிக்கோ குழலே கிடையாது. அதை எறிந்தவர் காற்றை மட்டும் பார்த்தால் போதுமாயிருந்தது.

உங்கள் வாக்கியத்தை நான் இப்படி எழுதுவேன்: "குண்டுகள் செம்மையாக வார்க்கப்படாமையால் அவற்றுக்கும் பீரங்கிக் குழலுக்கும் இடையே இடைவெளி அளவுக்கு மிஞ்சியிருந்தது, வெடித்த வாயு அவ்வழியே வீணாகியதால் மதிலில் விழுந்த அடிகளில் வலு இல்லை." மூலத்தில் இல்லாத 'வெடித்த வாயு' என்ற தொடரை நான் சேர்த்திருப்பதை உங்கள் நெறியாளர் ஏற்கவில்லையென்றால், அதை எடுத்து அடிக்குறிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கடற்காற்றை மட்டும் அடித்துவிடுங்கள்.